இரத்மலானையும் இடைவழியில் நின்ற பயணிகளும்

பயணச்சீட்டு என்பது ஒரு வாக்குறுதியாகும். பிற பண்டங்களை வாங்குவோன் பெரும்பாலும் பொருளைக் கையிற் பெறும்போதே பணத்தைக் கொடுக்கின்றான். பயணியோ பணத்தை முன்னரே செலுத்திவிட்டு, புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் நம்பியிருக்கின்றான். ஆகவே அவன் கம்பனிக்குக் கடன் கொடுத்தவனாகின்றான். எனினும் வங்கி பெறுவது போன்ற ஈடு எதனையும் அவன் பெறுவதில்லை. அக்கம்பனி வீழுமிடத்து அவனை ஊர் சேர்ப்பவர் யார்? இவ்வினாவை இரத்மலானை விமான நிலையத்தின் வரலாற்றோடு இயைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உல்லாசப் பயணத் தொழிலில் இவ்வினா 1974ஆம் ஆண்டு பிரித்தானியாவிற் பேரளவில் எழுந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், கிளார்க்சன்ஸ் என்னும் பயணக் கம்பனியைத் தன்னகத்தே கொண்டிருந்த கோர்ட் லைன் நிறுவனம் முறிவடைந்தது. போட்டியின் பொருட்டுக் கட்டணங்களை அளவிறந்து குறைத்தமையும், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலையேற்றமும் அதன் வீழ்ச்சிக்குக் காரணங்களாயின. கோடை விடுமுறையிற் சென்றிருந்த 40,000க்கு மேற்பட்டோர் வெளிநாடுகளில் தவித்தனர். தொழிலினர் முன்னரே வைத்திருந்த பிணைப்பணத்தைக் கொண்டு அவர்கள் ஊர் திரும்ப வழி செய்யப்பட்டது. ஆயினும் அடுத்த பயணங்களுக்கு முற்பணம் செலுத்தியிருந்தோருக்கு அத்தொகை போதவில்லை. இக்குறையை நீக்குதற்கே 1975ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் சேமநிதியொன்று நிறுவப்பட்டது. பயண ஏற்பாட்டாளரிடம் அறவிடப்பட்ட தொகையே அந்நிதிக்கு ஆதாரமாயிற்று.

இனி இலங்கையின் நிலையை நோக்குவோம். 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த சிறு விமானம் இரத்மலானையில் இறங்கியதோடு இந்நிலையத்தின் வரலாறு தொடங்குகின்றது. 1947ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் டக்கோட்டா விமானம் இங்கிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்நிறுவனம் பின்னர் அவுஸ்திரேலிய, ஒல்லாந்த, பிரித்தானிய, பிரெஞ்சு நிறுவனங்களோடு ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டுச் சேர்ந்தது. சொந்த மூலதனமும் போதிய விமானங்களும் இன்மையால் அது என்றும் பிறர் தோளிலேயே நின்றது எனலாம். கடன் சுமையும் நிருவாகச் சீர்கேடும் அதனை 1970களின் இறுதியில் முடிவுக்குக் கொண்டுவந்தன. 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள், பயணிகள் இறங்கிய பின்னர், அதன் அவ்ரோ விமானமொன்று இரத்மலானையிற் குண்டுவெடிப்பால் அழிந்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1979ஆம் ஆண்டு அரசு எயார் லங்காவை நிறுவியது. பழைய நிறுவனம் மறைந்தபோதிலும் அதன் பின்னால் அரசு நின்றது. பிரித்தானியாவில் நிதியொன்று ஆற்றிய காவலை இங்கு அரசுடைமை ஓரளவு ஆற்றியது எனக் கொள்ளலாம்.

அரசுடைமையும் சேமநிதியும் இல்லாதவிடத்து நிகழ்வதை இரத்மலானை 1998ஆம் ஆண்டிற் கண்டது. யாழ்தேவி 1990ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. கண்டி வீதியும் யாழ்ப்பாணத்துப் பயணிகளுக்கு அடைபட்டிருந்தது. இந்நிலையில் இரத்மலானைக்கும் பலாலிக்குமிடையே பறந்த தனியார் விமானங்களே விரைவான ஒரே வழியாயின. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளிலும் விடுதிகளிலும் தங்கியோர், பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற்று அவற்றிற் சென்றுவந்தனர். செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கரைக்கு அப்பாற் கடலில் வீழ்ந்தது. ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படும் அவ்விமானத்திலிருந்த 55 பேரும் மாண்டனர். அதன்பின் அத்தடத்திற் பொதுமக்களுக்கான விமான சேவை நின்றது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னரே அது புத்துயிர் பெற்றது.

கம்பனி முறிவும் போரினால் வழி அடைபடுதலும் ஒன்றல்ல என்பது உண்மையே. உல்லாசப் பயணி இழப்பது விடுமுறையையும் பணத்தையும்; யாழ்ப்பாணப் பயணி இழந்ததோ மருத்துவரைக் காணும் நாளையும், பரீட்சையையும், இறந்தோர் முகத்தை இறுதியாகக் காணும் வாய்ப்பையும் ஆகும். எனினும் பயணியின் இடத்தில் நின்று நோக்குமிடத்து இரண்டிற்கும் பொதுவான உண்மையொன்று புலனாகும். விமானம் நின்றமை மட்டும் அவனைத் தவிக்கவிடுவதில்லை. வேறு வழியும், அவ்வழியில் அவனை அழைத்துச் செல்லும் பொறுப்புடையோரும் இல்லாதபோதே அவன் தவிக்கின்றான். 1998இன் பின்னர் திருகோணமலைக் கப்பலுக்காகக் காத்திருந்தோர் இதனைத் தம் வாழ்விற் கண்டறிந்தனர்.

2019ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் நாள் தோமஸ் குக் நிறுவனம் முறிவடைந்தபோது இவ்வுண்மை மறுதலையாக உறுதிப்பட்டது. 1841ஆம் ஆண்டு லெஸ்ரரிலிருந்து புகையிரத உலாவொன்றை ஏற்பாடு செய்தவரின் பெயரைத் தாங்கிய அந்நிறுவனம் 178 ஆண்டுகள் நிலைத்தது. அது வீழ்ந்த நாளில் பிரித்தானியப் பயணிகள் மட்டும் ஏறத்தாழ 150,000 பேர் வெளிநாடுகளில் இருந்தனர். அரசும் விமானப் போக்குவரத்து அதிகாரசபையும் வாடகை விமானங்களை அமர்த்தி, இரு வாரகாலத்தில் அவர்களுட் பெரும்பாலாரை ஊர் சேர்த்தன. அந்நிறுவனத்தை அதன் தொன்மை காக்கவில்லை. பயணிகளையோ 1974ஆம் ஆண்டின் துயரிலிருந்து பிறந்த ஏற்பாடு காத்தது.

ஒரு நாட்டின் போக்குவரத்தை அளக்கும்போது விமானங்களின் தொகையையும் ஓடுபாதையின் நீளத்தையும் கணக்கிடுகின்றோம். வழி நின்றுபோனால் அடுத்த நாள் பயணியை யார் அழைத்துச் செல்வார் என்பதையும் அக்கணக்கிற் சேர்த்தல் வேண்டும். பிணையற்ற வாக்குறுதியின் விலையை இரத்மலானையில் அனுமதிக் கடிதத்தோடு வரிசையில் நின்றவர்களே செலுத்தினர்.