ஒரு கையெழுத்து போதும்

1999 மே 12. எடின்பரோவில் திருச்சபைக்குச் சொந்தமான மண்டபத்தில், அவையிலேயே வயதில் மூத்தவரான வின்னி யூயிங் எழுந்தார். 1707 மார்ச் 25 அன்று ஒத்திவைக்கப்பட்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் மீண்டும் கூடுகிறது என்றார். 292 ஆண்டு ஒத்திவைப்பு!

உண்மையில் கூடியது வேறொரு மன்றம். பழையதில் பிரபுக்களும் நிலவுடைமையாளரும் நகரப் பிரதிநிதிகளும் இருந்தார்கள். ஒரு பெண்கூட இல்லை. புதியதில் 129 பேரில் 48 பேர் பெண்கள்.

1997 செப்டம்பரில் நடந்த கருத்து வாக்கெடுப்பில் 74 சதவீதத்தினர் தனி நாடாளுமன்றம் வேண்டும் என்றார்கள். அது எப்படி நடக்க வேண்டும் என்று வகுக்க, அமைச்சர் ஹென்றி மெக்லீஷ் தலைமையில் ஒரு குழு அமர்ந்தது. கட்சிக்காரர்களோடு வெளியாட்களும் அதில் இருந்தார்கள். எதைப் போல இருக்கக் கூடாது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. லண்டன் நாடாளுமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நேருக்கு நேர் உட்கார்ந்து முறைத்துக்கொள்ளும். வாக்களிக்க எழுந்து நடந்து போக வேண்டும். விவாதம் அப்போதெல்லாம் நள்ளிரவு வரை இழுக்கும். எடின்பரோவில் இருக்கைகளை அரைவட்டமாகப் போட்டார்கள். வாக்குக்கு மின்பொத்தான். அன்றைய வாக்கெடுப்புகளெல்லாம் பெரும்பாலும் மாலை 5 மணிக்கு மொத்தமாக நடக்கும். அவைக்கு விடுமுறை விடும்போது பள்ளி விடுமுறைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் விதி எழுதினார்கள். பிள்ளை வளர்ப்பவர்களும் உறுப்பினராக வேண்டுமே!

அரைவட்டத்தில் உட்கார்ந்தாலும் கொறடா கொறடாதான். கேள்வி நேரக் கூச்சலும் குறையவில்லை. ஏற்பாடுகளில் அசல் புதுமை மனுக் குழுதான். லண்டனில் மரபுப்படி மனு கொடுக்க ஓர் உறுப்பினரின் கை வேண்டும். இங்கே யாரும் நேரே கொடுக்கலாம். வயது வரம்பில்லை, ஆயிரம் பேரைத் திரட்ட வேண்டியதில்லை, ஒரே கையெழுத்துப் போதும்.

செலவு வைத்தது நாடாளுமன்றத்துக்கான புதிய கட்டடம். 1997-இல் 1 கோடி முதல் 4 கோடி பவுண்டுக்குள் முடியும் என்றார்கள். எடின்பரோவின் ஹோலிரூட் பகுதியில் கட்டி முடிந்தபோது 41 கோடியைத் தாண்டியிருந்தது. வடிவமைத்த ஸ்பானியர் என்ரிக் மிராயெஸும், அவரைத் தேர்ந்தெடுத்ததில் முன்நின்ற முதல்வர் டொனால்ட் டியூவரும் 2000-இலேயே மூன்று மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். 2004 செப்டம்பரில்தான் உறுப்பினர்கள் அங்கே குடிபோனார்கள். மனுக் குழு அதற்குள் இரவல் இடத்திலேயே ஐந்தாண்டு வேலை பார்த்து முடித்திருந்தது.