நௌஷேராவின் சிங்கம்



நாம் அனுபவிக்கும் சுதந்திரத்திற்கு உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் பலர். அவர்களுள் ஒருவர், உத்தரப் பிரதேச மண்ணில் 1912-ஆம் ஆண்டு பிறந்த பிரிகேடியர் முஹம்மது உஸ்மான்.

1947-இல் தேசம் பிரிந்தபோது படையும் பிரிந்தது. அவர் பணியாற்றிய பலூச் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குச் சென்றது. அவரோ பிறந்த மண்ணிலேயே நிலைத்து நின்றார்.

அவ்வாண்டு டிசம்பரில் ஜம்மு பகுதியின் ஜங்கர் கைநழுவியது. அதை மீட்கும்வரை கட்டிலில் உறங்குவதில்லை என உறுதிபூண்ட உஸ்மான், கடுங்குளிரிலும் தரையில் பாய் விரித்தே படுத்தார். 1948 பிப்ரவரி 6 அன்று நௌஷேராவைத் தாக்கிய பெரும்படையை அவரது படைப்பிரிவு முறியடித்தது. மார்ச்சில் ஜங்கர் மீட்கப்பட்டது. ஜூலை 3 அன்று அதே ஜங்கரில் எறிகணை வெடித்து அவர் உயிர்நீத்தார். 36 வயது நிறைய 12 நாட்களே எஞ்சியிருந்தன.

மணமுடிக்காத அவர், ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு ஊதியத்தை வாரி வழங்கியவர். பிரதமர் நேரு அவரது இறுதிச் சடங்கில் பங்கேற்றார். மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. டெல்லி ஜாமிஆ மில்லிய்யா வளாகத்தையொட்டி நல்லடக்கம் செய்யப்பட்டார்.

2020-இல் அந்தக் கப்ரு சேதமுற்றுக் கிடந்தது; இராணுவம் செப்பனிட்டது. ஆனால் அவர் வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது நமது கடமையன்றோ?

மனிதர்களுக்கு நன்றி பாராட்டுவதை இறைவனுக்கு நன்றி செலுத்துவதோடு இணைத்தே நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். உங்கள் மஹல்லாவில் ஓய்வுபெற்ற படைவீரர் எவரேனும் இருந்தால், பிள்ளைகளுடன் சென்று நலம் விசாரியுங்கள். அவர் எம்மதத்தவராயினும் சரியே.

வல்ல அல்லாஹ் நம்மை நன்றியுடையோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.