காராமணிச் சோறு கூறும் வரலாறு

ஆண்டின் முதல் நாளில் உண்ணும் உணவு அவ்வாண்டு முழுமைக்கும் நற்குறியாகும் என்னும் நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் மாநிலங்களில் வாழ்வோர், ஜனவரி முதல் நாளில் காராமணியும் கீரையும் மக்காச்சோள ரொட்டியும் உண்பதை மரபாகக் கொண்டுள்ளனர். காராமணி நாணயத்தையும், கீரை பச்சைநிறப் பணத்தாளையும், ரொட்டி பொன்னையும் குறிக்கும் என்பது அவர்தம் கொள்கை. பொருள் வேண்டும் எளிய விருப்பமாகவே இது தோன்றும். ஆயின், அவ்வுணவின் வரலாற்றை நாம் ஆராயுமிடத்து, அதனுள் கண்ணீரும் கலந்திருத்தல் புலனாகும்.

நம் மகளிர் காரடையான் நோன்பின்போது அடையில் இடும் காராமணியும் இப்பயற்றினமே. இதன் தாயகம் ஆப்பிரிக்கா. அடிமை வாணிபம் நிகழ்ந்த காலத்தில் இது கடல் கடந்து அமெரிக்கா சென்றது. தென் கரோலினாவின் தாழ்நிலங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாய் நின்று நெல் விளைத்தனர். அந்நெல்லரிசியும் பயறும் பன்றியிறைச்சியும் கூட்டிச் சமைப்பதே ‘ஹாப்பின் ஜான்’ என வழங்கும் சோறு. 1847-இல் சார்ல்ஸ்டன் நகரத்துச் சாரா ரட்லெட்ஜ் அம்மையார் வெளியிட்ட சமையல் நூலில் இதன் செய்முறை உள்ளது. நூல் செய்தவர் பெயரை நாம் அறிகின்றோம். வயலில் நின்று அந்நெல்லை விளைத்தோர் பெயரை அறியோம்.

அம்மக்களுக்குப் புத்தாண்டு நாள் மகிழ்ச்சி நாளாக இருந்ததோ எனின், இல்லை. அன்றுதான் உடையவர்கள் அடிமைகளை ஓராண்டுக் கூலிக்குப் பிறரிடம் விடுவர்; சிலரை விற்பதும் உண்டு. தாய் ஓரிடமும் சேய் ஓரிடமுமாகப் பிரிந்தமையால், அதனை ‘நெஞ்சுடையும் நாள்’ என்றே வழங்கினர். அடிமையாய் வாழ்ந்து மீண்ட ஹேரியட் ஜேக்கப்ஸ் அம்மையார், 1861-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அந்நாளின் கொடுமையை எழுதியுள்ளார்.

1862 டிசம்பர் 31 இரவில் கறுப்பின மக்கள் பலர் தேவாலயங்களில் கூடி, உறங்காது வேண்டி நின்றனர். மறுநாள், 1863 ஜனவரி 1-இல், கிளர்ச்சி செய்த மாநிலங்களின் அடிமைகள் விடுதலை பெற்றோர் எனக் குடியரசுத் தலைவர் லிங்கன் பிரகடனம் செய்தார். 1865-இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் அடிமை முறை நாடு முழுவதும் ஒழிந்தது.

பிரிவின் நாளாய் இருந்த அதே நாள் விடுதலையின் நாளாயிற்று. அடிமைப்பட்டோர் உண்ட பயறு இன்று கறுப்பர், வெள்ளையர் என்னும் வேறுபாடின்றி யாவர் இல்லத்திலும் மங்கல உணவாயிற்று. ஆதலின், அப்பயற்றை நாணயத்திற்கு ஒப்பிடுவதோடு நாம் அமைதல் கூடாது. துன்பத்திலும் நம்பிக்கை இழவாது விடியலை நோக்கி விழித்திருந்த மக்களையும் அது நினைவூட்டுவதாகுக. நோன்படையில் காராமணியைக் காணுந்தோறும் அவர்களையும் நாம் எண்ணுவோமாக.