சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் (3 செப்டம்பர் 1895 – 22 ஏப்ரல் 1950) அமெரிக்கச் சட்டப் பேராசிரியர், வழக்கறிஞர். 1929 முதல் 1935 வரை ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியைத் துணை முதல்வராக இருந்து நடத்தினார். நிறப் பாகுபாட்டை நீதிமன்றத்தில் வீழ்த்திய ஒரு தலைமுறை வழக்கறிஞர்கள் இவரிடம் பயின்றவர்கள்.

கல்வி

வாஷிங்டனில் ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்த ஹூஸ்டன், 1915-இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் படை அதிகாரியாகப் பிரான்சில் இருந்தபோது, சொந்த நாட்டு வெள்ளையினப் படையினரே இவரை இழிவுபடுத்தினர். உயிரோடு திரும்பினால் சட்டம் படித்து, எதிர்த்து நிற்க வலுவில்லாதவர்களுக்காக வாதாடுவது என அங்கேயே உறுதிபூண்டார். 1919-இல் ஹார்வர்டில் சேர்ந்தார். ‘ஹார்வர்ட் லா ரிவ்யூ’ ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் இவரே. 1922-இல் சட்டப் பட்டமும் 1923-இல் ஆய்வுப் பட்டமும் பெற்றார்.

கல்லூரிப் பணி

1924-இல் ஹோவர்ட் சட்டக் கல்லூரியில் ஆசிரியரானார். அப்போது அது பகலில் வேலைக்குச் செல்வோர் படிக்கும் மாலைக் கல்லூரி. 1929-இல் துணை முதல்வராகப் பொறுப்பேற்றதும் ஹூஸ்டன் மாலை வகுப்புகளை நிறுத்தி, அதை முழுநேரக் கல்லூரியாக மாற்றினார். சேர்க்கை விதிகளையும் கடுமையாக்கினார். வேலையை விட முடியாதவர்களுக்குக் கல்வி எட்டாமல் போகும் என்று எதிர்ப்பு எழுந்தும் அவர் பின்வாங்கவில்லை. 1931-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கல்லூரிக்கு அங்கீகாரம் வழங்கியது. வழக்கறிஞர் என்பவர் சமூகத்தைத் திருத்தி அமைக்கும் பொறியாளராக இருக்க வேண்டும் என்பது இவரது பாடங்களின் அடிநாதம். இவரது மாணவர் துர்குட் மார்ஷல் 1933-இல் வகுப்பில் முதலிடம் பெற்றுத் தேறினார். இரண்டாமிடம் ஆலிவர் ஹில்லுக்கு.

வழக்குகள்

1935-இல் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் சிறப்பு வழக்கறிஞரானார். தனித்தனியாக இருந்தாலும் வசதிகள் சமமாக இருந்தால் போதும் என 1896-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விதியே பாகுபாட்டுக்கு அரண். ஹூஸ்டன் அதை நேரடியாகத் தாக்கவில்லை. சமம் என்ற சொல்லுக்கே மாநிலங்களைப் பொறுப்பாக்கினார். கறுப்பினத்தவருக்கெனச் சமமான சட்டக் கல்லூரி கட்டப் பெரும் பணம் வேண்டும். கட்டாவிட்டால் இருக்கும் கல்லூரியில் இடம் தர வேண்டும். 1936-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் டொனால்ட் மரே என்ற கறுப்பின மாணவரைச் சேர்க்க வைத்த வழக்கில் மார்ஷலும் உடன் நின்றார். 1938-இல் கெய்ன்ஸ் வழக்கில், கறுப்பின மாணவரை வேறு மாநிலத்துக்கு அனுப்பிக் கட்டணம் கட்டுவது போதாது, மிசூரி மாநிலம் தன் எல்லைக்குள்ளேயே சட்டக் கல்வி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தாக்கம்

ஹூஸ்டன் இதய நோயால் 54 வயதில் காலமானார். பள்ளிகளில் இனப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என்ற பிரவுன் தீர்ப்பு 1954-இல் வந்தது. அதில் வாதாடிய மார்ஷல், 1967-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். தாம் கற்றதற்கெல்லாம் ஹூஸ்டனே காரணம் என்று மார்ஷல் கடைசிவரை போற்றிவந்தார்.