தலைவெட்டி முனியப்பன்

சென்ற வருஷம் என் நண்பர் ஒருவர் கம்போடியாவுக்குப் போய் வந்தார். அங்கோர் வாட் கோயிலின் மேற்கு வாசலில் எடுத்த படம் ஒன்றை என் முன்னால் வைத்து, "இவர் யார், சொல்லும் பார்க்கலாம்" என்றார். எட்டுக் கைகளுடன் நெடிய உருவம். தோளிலே மஞ்சள் வஸ்திரம். காலடியில் ஊதுவத்திப் புகை.

"விஷ்ணு" என்றேன்.

"சிற்பி செதுக்கியது விஷ்ணுவைத்தான். கும்பிடுகிறவர்கள் பௌத்தர்கள். 'தா ரீச்' என்று அழைக்கிறார்கள்" என்றார்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காக எடுப்பித்த கோயில் அது. பிற்பாடு நாடு புத்த தர்மத்தைத் தழுவியது. கோயிலும் கூடவே தழுவியது. இன்றும் அங்கே பிக்ஷுக்கள் வந்து வணங்குகிறார்கள். நண்பருக்கு இது பெரிய அதிசயமாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை. இதே நாடகம், வேஷங்களை மட்டும் மாற்றிக்கொண்டு, எங்கள் சேலத்திலேயே நடந்திருக்கிறது.

சேலம் கோட்டை ரோட்டில், பெரியேரியில், தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. சிறு வயதில் நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறி, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். முனியப்பன் என்றால் எங்கள் சீமையில் முறுக்கிய மீசை, உருட்டி விழிக்கும் கண், கையிலே அரிவாள். இந்த முனியப்பனோ சம்மணம் போட்டு, மடிமேல் கைவைத்து, தன்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

"பாட்டி, இந்தச் சாமிக்கு ஏன் மீசை இல்லை? கோபமே வராதா?"

"சாமியை அப்படியெல்லாம் கேட்கக் கூடாதுடா. முனி தவத்திலே இருக்குது" என்றாள் பாட்டி.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பாட்டி சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சிலை புத்தருடையது என்று கூறி 2011-ல் தொடரப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் தொல்லியல் துறையைப் பரிசோதிக்கச் சொல்லிற்று. தாமரைப் பீடம், அரைப் பத்மாசனம், தியான முத்திரை, சுருள் சுருளான கேசம், உச்சியில் முடிச்சு, நீண்ட காது மடல்கள் ஆகிய லக்ஷணங்களைக் கண்டு, இது புத்தர்தான் என்று துறை அறிக்கை கொடுத்தது. துண்டிக்கப்பட்ட தலையைச் சிமிண்டும் சுண்ணாம்பும் கொண்டு உடலோடு ஒட்டியிருப்பதையும் குறிப்பிட்டது. பெயரின் முதல் பாதிக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது. 2022 ஜூலையில் தீர்ப்பு வந்தது: கோயில் தொல்லியல் துறையின் பொறுப்புக்குப் போக வேண்டும், இது புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும், ஜனங்கள் வந்து பார்க்கலாம், பூஜை செய்யக் கூடாது.

தமிழ்நாட்டில் பௌத்தம் ஏதோ வந்துபோன விருந்தாளி அல்ல. முதலாம் ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, சோழன் அதற்கு ஆனைமங்கலத்தை மானியமாக விட்டான். அத்தகைய மதம் பிற்காலத்தில் எங்கே போயிற்று? மயிலை சீனி வேங்கடசாமி 1940-ல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஆதரிப்பார் இல்லாமற்போன புத்தர்கள், வேறு தெய்வங்களின் பெயர்களைத் தாங்கி, கிராமங்களில் பூஜை பெற்றுவந்தார்கள்.

பெயரை மாற்றிக்கொள்ளாத புத்தரும் உண்டு. ஆத்தூர் தாண்டித் தலைவாசல் வழியாகப் போனால், ஆறகளூருக்குப் பக்கத்தில் தியாகனூர் வருகிறது. அங்கே பழைய புத்தர் சிலைகள் இரண்டு இருக்கின்றன. நான் போனது ஒரு சாயங்கால வேளை. அகல் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. வரப்பில் வந்த பெரியவரிடம், "இது என்ன சாமிங்க?" என்று தெரியாதவன்போல் கேட்டேன்.

"புத்தருங்க" என்றார். "எங்க பாட்டன் காலத்திலேயே இங்கேதான் உட்கார்ந்திருந்தாராம். ஒருத்தரையும் ஒண்ணும் கேட்கிறதில்லை. நாங்களா பார்த்து விளக்கு வைக்கிறோம்."

திரும்பும் வழியெல்லாம் எனக்கு மனம் இரண்டுபட்டது. தீர்ப்பு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உயிர்க்கொலை ஆகாது என்றவர் முன்னால் கிடாய் வெட்டு நேர்ந்துகொள்வது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. பறிபோன பெயர் உரியவருக்குத் திரும்பத்தான் வேண்டும். ஆனால் என் பாட்டி ஏற்றிய கற்பூரம் பொய்யா? அந்தத் தலையை யாரோ ஒருவன் வெட்டினான். யாரோ ஒருவன் சுண்ணாம்பு குழைத்து ஒட்டினான். ஒட்டியவனுக்கு அது இன்னாருடைய தலை என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தலையில்லாமல் ஒரு சாமி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் கை பட்டிராவிட்டால், நிபுணர்கள் சுருள் கேசத்தையும் காது மடலையும் பார்ப்பதற்கு அங்கே தலை ஏது?

அங்கோரில் விஷ்ணுவுக்கு மஞ்சள் வஸ்திரம் சாத்துகிறவர்களும் அவனுடைய ஜாதிதான்.

புத்தருக்குச் சாக்கிய முனி என்று ஒரு பெயர் உண்டு. முனி தவத்தில் இருக்கிறார் என்று பாட்டி சொன்னாளே, பலகையில் எழுதப்போவதை அவள் முன்னதாகவே சொல்லிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.