பொருள் வெளியே கிடந்த கரை

வென்னப்புவவிலிருந்து மாரவில வழியாகச் சிலாபம் போகும் சாலையில் இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்களின் பணத்தில் எழும்பிய வீடுகளை அடையாளம் காண அதிகம் தேடவேண்டியதில்லை. வளைவுத் தூண்கள், மாடி, ஆள் உயரத்தை மிஞ்சிய மதில். மதிலுக்குள்ளே, ஒரு காலத்தில் விறாந்தை இருந்திருக்கக்கூடிய இடத்தில், அலுமினியச் சட்டத்தில் நிறுத்திய கண்ணாடி அறை. கண்ணாடி வைத்தவன் கள்ளனுக்குப் படலை திறந்து வைத்தவன் என்று சொல்வது எளிது. ஆனால் இந்த ஊர்கள் அடங்கிய புத்தளக் கரையின் வரலாறு அந்தப் பேச்சை அப்படியே ஏற்கவிடுவதில்லை. சுவர் ஓலையா, கல்லா, கண்ணாடியா என்பதைவிட, குடும்பத்தின் பொருள் எங்கே கிடந்தது என்பதே இங்கே களவின் போக்கைத் தீர்மானித்திருக்கிறது. நெடுங்காலம் அது வீட்டுக்கு வெளியே கிடந்தது. காவலும் அங்கேயே நின்றது.

1344இல் பயணி இபுனு பதூதா வந்திறங்கிய ‘பத்தாலா’ புத்தளமே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. மர மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகான ஊர் என்று அதை அவர் எழுதிவைத்தார். அதே கையோடு இன்னொன்றையும் சொன்னார்: வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவா மரங்கள் கரையெங்கும் மேடு மேடாகக் கிடந்தன, சோழமண்டலக் கரையான மஃபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தவர்கள் விலை கொடுக்காமல் அவற்றை ஏற்றிச் சென்றார்கள், பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி கொடுத்தார்கள். ஆக, மதில் ஆட்சியைக் காத்தது; சரக்கு திறந்த வெளியில் கிடந்தது. மூன்று நூற்றாண்டு கழித்து ஒல்லாந்தர் செய்ததும் அடிப்படையில் இதுதான். 1659இல் கற்பிட்டியைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, 1667க்கும் 1676க்கும் இடையில் அங்கே கோட்டை கட்டினார்கள். அது குடிமக்களின் வீட்டைக் காக்க எழுந்த கோட்டை அல்ல. களப்பின் வாயில் உட்கார்ந்துகொண்டு, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனுக்குக் கடல்வழி போய்வந்த வணிகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள எழுந்த பூட்டு. பூட்டப்பட்டது ஒரு களப்பு. அதன் கரையிலிருந்த குடிசைகளுக்கு ஓலைத் தட்டியே போதுமாயிருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் காவல் உப்பளத்துக்கு நகர்ந்தது. உப்பு அரசின் ஏகபோகம். பாலாவி, புத்தளம் பக்கத்து உப்பளங்களில் விளைந்ததைக் குவித்து, கிடுகால் மூடி, ஆள் வைத்துக் காத்தார்கள். தானாகப் படிந்த உப்பை ஒருவர் சிரட்டையில் அள்ளினாலும் அது சட்டத்தின் கண்ணில் குற்றம். உப்பு அள்ளியவளைக் கள்ளி ஆக்கிய சட்டத்தின் நியாயம் வேறொரு கட்டுரைக்குரியது. இங்கே கவனிக்க வேண்டியது, அரசு எதைப் பொருள் என்று மதித்ததோ அதைச் சுற்றியே காவற்காரன் நடந்தான் என்பதே. அடுத்துத் தென்னை. சிலாபத்தைச் சுற்றித் தோட்டங்கள் பெருகியபோது இராக் களவு என்றால் தேங்காய்க் களவுதான். செல்வம் மரத்தின் உச்சியிலும், பறித்துக் குவித்த இடத்திலும், கொப்பரா காயும் வாடியிலும் இருந்தது. தோட்டத்துக் காவற்காரனின் குடிசை மரங்களுக்கு நடுவே இருந்ததே தவிர, துரையின் படுக்கையறை வாசலில் அல்ல.

அப்படியானால் அன்று வீடு புகுந்து எடுக்கும் களவே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, சுவரைத் துளைக்கும் கன்னக்கோல் தமிழனுக்குப் புதிய கருவி அல்ல. ஆனால் கன்னம் வைக்கச் சுவர் வேண்டும். சுவருக்குப் பின்னால் ஏதாவது இருக்கவும் வேண்டும். மண்சுவரோ கற்சுவரோ எழுப்பி, பெட்டகம் வைத்திருந்தவன் அந்தப் பயத்தோடுதான் தூங்கினான். கிடுகு வீட்டுக்காரனின் நிலை வேறு. மனைவியின் காதிலும் கழுத்திலும் கிடந்தது போக மிச்ச நகை அடகுக்குப் போயிருக்கும். காய்ந்த ஓலையைக் கையால் விலக்கலாம் என்பது உண்மை; விலக்கும்போது அது சரசரக்கும் என்பதும் உண்மை. அவன் அஞ்சியது நெருப்புக்கு. 1883இன் தண்டனைச் சட்டக்கோவை இந்தியச் சட்டத்தை அடியொற்றி வந்தபோது, மனிதர் குடியிருக்கும் கட்டடம், கூடாரம், படகு மூன்றையும் ஒரே தட்டில் வைத்து அத்துமீறலை வரையறுத்தது. சட்டத்துக்கு ஓலைக் குடிலும் மாளிகையும் ஒன்று. கள்ளனுக்கு அப்படி அல்ல.

இந்த ஒழுங்கை முதலில் குலைத்தது கண்ணாடி அல்ல, மோட்டார். அதற்கு முன் தெப்பத்தையும் வள்ளத்தையும் கரையில் ஏற்றி வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போக முடிந்தது. அவ்வளவு பெரிய மரத்தைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடம் விற்பது? 1950களின் பிற்பகுதியில் மீன்பிடியில் இயந்திரம் புகுந்த பிறகு, படகின் விலையில் பெரும்பங்கு அதன் பின்புறத்தில் இரண்டு திருகாணியில் தொங்கத் தொடங்கியது. திருகைத் தளர்த்தினால் ஓர் ஆள் தோளில் சுமந்து போகலாம். அதனால் கரைக்கு வந்ததும் மோட்டாரைக் கழற்றி, உப்பு நீரைக் கழுவி, வாடிக்குள்ளேயோ வீட்டுக்குள்ளேயோ கொண்டுபோய் வைப்பது வழக்கமானது. பெட்டகம் கண்டிராத குடிலுக்குள் மண்ணெண்ணெய் மணத்தோடு குடும்பத்தின் முதல் பெரிய முதலீடு குடிபுகுந்தது. கதவுக்குப் பூட்டுத் தேவைப்பட்டது அப்போதுதான். பின்னால் தொலைக்காட்சியும் சேர்த்த பணமும் வந்தபோது பூட்டு ஏற்கெனவே அங்கே இருந்தது.

1980களிலிருந்து வென்னப்புவ, மாரவில ஊர்களின் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து, முதலில் பெரும்பாலும் பெண்கள், இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். அந்நாட்டின் 1990ஆம் ஆண்டு மார்த்தெல்லிச் சட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தவர்களுக்கு வதிவிடப் பத்திரம் கிடைக்க வழி செய்தது. பின்னாலேயே சகோதரரும் கணவரும் போனார்கள். இப்படி வந்த பணம் மரத்திலும் கரையிலும் கிடக்கவில்லை, வீடாகவே மாறியது. முதன்முறையாக வீடே செல்வம். அதே வேளையில் அதற்குள் குடியிருக்க ஆள் குறைவு. ஒரு வயதான தாய், சில வீடுகளில் அவரும் இல்லை. ஆளில்லாத வீட்டின் கதி என்ன என்பதை இந்த மாவட்டத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து விரட்டிய 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து கிடுகு முகாம்களில் ஒதுங்கினார்கள். அவர்கள் விட்டுவந்த கல்வீடுகளில் பலவற்றில் ஓடும், கதவும், யன்னல் நிலையும்கூட மிஞ்சவில்லை. அங்கே யாரும் பூட்டை உடைத்துப் பொருளைத் தேடவில்லை. வீட்டையே கழற்றிக்கொண்டு போனார்கள். போரின் கொள்ளையையும் அமைதிக் காலத்துக் களவையும் ஒப்பிடலாமா என்ற ஆட்சேபம் நியாயமானது. காரணங்கள் வேறு, பழியும் வேறு. கல்லும் சீமெந்தும் தாமாக எதையும் காக்காது என்ற ஒன்றுக்கு மட்டுமே அதை இங்கே சான்றாகக் கொள்கிறேன்.

கண்ணாடி உடையும் பொருள்தானே என்ற ஆட்சேபம் இன்னும் நிற்கிறது. உடையும். சாதாரணக் கண்ணாடி பெருஞ்சத்தத்தோடு கூரான துண்டுகளாக உடையும். பதமேற்றிய கண்ணாடி பொடியாக உதிரும். நடுவே பிசின் தாள் வைத்து ஒட்டியது விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே நிற்கும். சத்தம் விரும்பாத கள்ளன் முதலில் பார்ப்பது தகட்டை அல்ல, சட்டத்தை. இழுவைக் கதவைப் பொருத்தும்போது மேல் தண்டவாளத்துக்குள் தூக்கிச் செருகுவதற்காகச் சிறிது இடைவெளி விடுகிறார்கள். பொருத்திய பின் அந்த இடைவெளியில் தடைக்கட்டை வைக்காவிட்டால், செருகிய அதே வழியில் வெளியிலிருந்தும் தூக்கிக் கழற்றலாம். கடற்காற்று உருளையையும் கொக்கியையும் அரித்துக் கதவை ஆட வைக்கும். இரும்புக் கிறில் போட்டாலும் பிணைச்சல் துருப்பிடிக்கும்.

கமராவும் உயர்ந்த மதிலும் இந்தக் குறையைத் தீர்க்குமா? மிலானில் இருக்கும் மகள் தன் முற்றத்தைக் கைப்பேசியில் பார்க்கலாம்; பார்த்ததும் கூப்பிட அடுத்த வீட்டில் ஓர் ஆள் வேண்டும். மதில் எழுப்பிய நாளிலிருந்து அந்த அடுத்த வீட்டாருக்கு இந்த முற்றம் தெரிவதில்லை. கிடுகு வேலிக்கு இடுக்கு இருந்தது. மதிலைப் பாதி உயரத்துக்குக் குறைக்கச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை என்பதால், கேட்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கண்ணாடி அறை கட்டும்போது பழைய வாசற்கதவைக் கழற்றிவிட்டு, உள்ளும் வெளியும் ஒன்றாகத் தெரியட்டும் என்று அந்த இடத்தைத் திறந்து விடுகிறார்கள். விறாந்தை என்றும் பாதி வெளியாகவே இருந்தது. அதற்குப் பின்னால்தான் கதவு இருந்தது. கண்ணாடி போட்ட விறாந்தையும் விறாந்தையே. அந்தப் பலாமரக் கதவை அதன் நிலையிலேயே விட்டு, இரவில் தாழ்ப்பாள் போட்டால், முன்னால் உள்ள கண்ணாடி உடைந்தாலும் கள்ளன் அடைவது இரண்டு பிரம்பு நாற்காலியும் ஒரு பூச்சாடியும்தான்.