பிரிதலும் முஃபாரகத்தும்

ஷாஃபிஈ மத்ஹபில் ‘முஃபாரகத்’ என்றொரு சட்டம் உண்டு. இமாமைப் பின்தொடர்ந்து தொழும் மஃமூம், தகுந்த காரணம் இருந்தால், பிரிவதாக நிய்யத் வைத்து மிகுதித் தொழுகையைத் தனியே நிறைவேற்றலாம். காரணமின்றிப் பிரிவது மக்ரூஹ். எப்படியாயினும் அவர் விட்டது இமாமை, தொழுகையை விடவில்லை.

முஆத் (ரழி) அவர்கள் இஷாவில் சூரத்துல் பகராவை ஓதி நீட்டியபோது, பகலெல்லாம் உழைத்துக் களைத்த ஒருவர் விலகித் தனியே தொழுதார். விடயம் நபி (ஸல்) அவர்களிடம் சென்றது. கண்டிக்கப்பட்டவர் விலகியவரல்லர், முஆத் அவர்களே.

மட்டக்களப்பு வாவிக்கரை அரசியலில் நிகழ்ந்த பிரிவுகளையும் இந்த அளவுகோலால் நோக்கலாம் என்பது என் எண்ணம்.

இலங்கைத் தமிழரசுக் கட்சியே ஒரு பிரிவில் பிறந்தது. தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தோடு சேர்ந்ததையும் மலையகத் தமிழரின் குடியுரிமைப் பிரச்சினையையும் முன்வைத்து, செல்வநாயகம் முதலானோர் 1949 டிசம்பரில் அதனைத் தொடங்கினர். ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று அது எம்மையும் அணைத்துக்கொண்டது. 1956 தேர்தலில் கல்முனையில் எம்.எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம்.எம். முஸ்தபாவும் அக்கட்சியில் வென்றனர். பின்னர் இருவரும் அரசாங்கத் தரப்புக்குச் சென்றனர். இதைக் கட்சி மாறல் என்பதே பொருந்தும். ஆட்கள் போனார்கள், சமூகம் தனக்கென ஓர் அமைப்பைத் தேடிப் புறப்படவில்லை.

1977இல் எம்.எச்.எம். அஷ்ரஃப் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியனுக்கு வாக்குக் கேட்டார். அந்தச் சின்னத்தில் நின்ற முஸ்லிம்கள் எவரும் கிழக்கில் தெரிவாகவில்லை. 1981 செப்டெம்பரில் காத்தான்குடியில் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் உருவாகி, 1986இல் அரசியல் கட்சியாயிற்று. 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபையின் 71 ஆசனங்களில் 17ஐ வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்தது. பெயரில் இடம் தந்தவர்கள், முடிவெடுக்கும் பாயில் இடம் தரவில்லை என்பதே எமது முறைப்பாடு. அதிகாரப் பகிர்வு என்ற தொழுகை தொடர்ந்தது. ஆகவே இதனை முஃபாரகத் என்பேன்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாவுக்கு நின்றவர்கள் கொல்லப்பட்டதையே பிரிவின் காரணமாகச் சிலர் சொல்வர். காலவரிசை அதற்கு இடம் தராது. கட்சி அதற்கு முன்னரே பிறந்துவிட்டது. அந்த இரவு செய்தது வேறு: திரும்பிச் சேரும் கதவை அது அடைத்தது.

வடக்குத் தலைமை கிழக்கைப் புறக்கணிக்கிறது என்ற முறைப்பாட்டோடு 2004 மார்ச்சில் கருணா அணி புலிகளிடமிருந்து பிரிந்தது. பிரிய இடமில்லாத இயக்கத்தில் அது இரத்தத்தில் முடிந்தது. முஃபாரகத்தை அனுமதிக்கும் சட்டத்தின் அருமை அப்போதுதான் விளங்கும்.

2000 செப்டெம்பரில் அஷ்ரஃப் மறைந்தபின் எமது கட்சியும் பலவாயிற்று. இன்று அவற்றின் கொள்கை வேறுபாடு என்னவென்று கேட்டால், ஊரில் பலரும் தலைவரின் பெயரைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். காணி, கல்வி, வயல், கடற்றொழில் என மக்களின் தேவை மாறவில்லை. மாறியது இமாம் மட்டுமே.

பிரிந்தவரைத் துரோகி என்னுமுன், நீட்டியவர் யார் என்று கேட்க வேண்டும். அதேபோல் பிரிந்தவரிடமும் கேட்க வேண்டும்: உங்கள் காரணம் என்ன? மிகுதித் தொழுகையைத் தொழுதீர்களா?